ஓடாத கோப்பும் ஷெல்லின் தாட்சண்யமும்

யூனிக்ஸ் வழிவந்த எந்தக் கணிப்பொறியிலும், எடிட்டரில் நாலு கட்டளைகளை வரிக்கு ஒன்றாக எழுதிச் சேமித்து, அந்தக் கோப்புக்கு ஓடும் அநுமதியை மட்டும் அளித்துவிட்டு, அதன் பெயரைத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால், அது ஓடுகிறது. பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது வெறும் எழுத்து; ப்ராஸஸருக்குப் புரியக்கூடிய ஒரு சொல்கூட அதில் கிடையாது; முறைமை முழுவதையும் நிர்வகிக்கின்ற கெர்னல் அதை எடுத்துப் பார்த்து, இது நம்மால் ஓட்டத் தக்கதன்று எனக் கையை விரித்துவிட்ட பிறகே, பயனர் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறது. எசமானர் புரியவில்லை என்று ஒதுக்கிவிட்ட கடிதத்தைக் கணக்குப்பிள்ளை எடுத்து, ஒருவேளை நமக்கு வந்ததோ என்று பிரித்துப் பார்ப்பதைப் போன்ற இந்தச் சம்பிரதாயம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு இடையில் பாதி அதிகாரத்தைக் கெர்னலிடம் இழந்தது, இழந்தும் எவ்வாறு இன்றளவும் மறையாமல் இருந்து வருகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லலாம்.

கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்து மொத்தமாக ஓட்டும் யோசனை யூனிக்ஸுக்கு முந்தியது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் ஸி.டி.எஸ்.எஸ். என்னும் முறைமை நடந்து வந்த நாளில், லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் 1963, 64 வாக்கில் ரன்காம் என்றொரு நிரலை எழுதினார். ஷெல் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. யூனிக்ஸ்காரர்கள் தங்கள் வீட்டு அடைவில் மறைத்து வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகளின் பெயரில் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆர்ஸி' என்ற ஈரெழுத்து அந்த ரன்காமின் மிச்சந்தான். ஆனால் அங்கே கட்டளைக் கோப்பை ஓட்ட வேண்டுமானால் ரன்காம் என்று முதலில் சொல்லி, அதற்குப் பிறகு கோப்பின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒருவன் எழுதிவைத்த கட்டளைத் தொகுதிக்கும், முறைமையோடு வந்த நிரலுக்கும் இடையே அந்தஸ்து வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசத்தை ஒழித்தது யூனிக்ஸ்.

மல்டிக்ஸ் என்னும் பெரும் திட்டத்திலிருந்து பெல் ஆராய்ச்சிக்கூடம் விலகிக்கொண்ட 1969-ஆம் ஆண்டில், நியூ ஜெர்ஸி மாகாணத்து மர்ரே ஹில்லில், கென் தாம்ப்ஸன் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பி.டி.பி.-7 இயந்திரத்தில் யூனிக்ஸைத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சி உடனிருந்தார். பிறகு அது பி.டி.பி.-11 இயந்திரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த இயந்திரத்தில் ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் முகப்பில் எட்டுச் சொற்கள், அதாவது பதினாறு பைட்டுகள் கொண்ட தலைப்பு ஒன்று இருந்தது. அதன் முதற் சொல்லாக எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 407 என்ற எண் நின்றது. இது மனம்போனபடி தேர்ந்த முத்திரையன்று. பி.டி.பி.-11-இன் பாஷையில் அந்த எண்ணுக்கு, அடுத்த ஏழு சொற்களைத் தாண்டிப் போ என்பதே அர்த்தம். தலைப்பும் நிரலோடு சேர்ந்தே நினைவகத்தில் ஏற்றப்பட்ட ஆதிகாலத்தில், ப்ராஸஸர் தலைப்பின் மேல் கால் வைத்து இடறாமல் அப்பால் குதித்து உண்மையான நிரலை அடைவதற்காக வைத்த கட்டளை அது. காலக்கிரமத்தில் கோப்பு இன்ன ஜாதி என்று காட்டும் அடையாளமாகிவிட்டது. இதை மேஜிக் எண் என்பார்கள். பின்னர் 410, 411 என இரண்டு தம்பிகளும் சேர்ந்தன. 1975-இல் வெளியே வழங்கப்பட்ட ஆறாம் பதிப்பின் கெர்னல், ஓட்டச் சொல்லி வந்த கோப்பின் முதற் சொல்லைப் பார்க்கும். இம்மூன்றில் ஒன்றாக இருந்தால் ஏற்கும். இல்லையேல் எட்டாம் எண் பிழையைத் திருப்பியனுப்பும். அப்பிழையின் பெயர் 'ஈநோஎக்ஸெக்'.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோப்பே இல்லையென்றால் இரண்டாம் எண் பிழை. கோப்பு இருந்து, அதற்கு ஓடும் அநுமதி இல்லையென்றால் பதின்மூன்றாம் எண் பிழை. கோப்பும் இருந்து, அநுமதியும் இருந்து, வடிவம் மட்டும் பொருந்தவில்லையென்றால்தான் எட்டாம் எண். ஆகவே எட்டாம் எண் வரும்போது, கோப்பின் சொந்தக்காரர் இது ஓட வேண்டியது என்று அநுமதி பிட்டை ஏற்றித் தம் உத்தேசத்தை முன்பே அறிவித்திருக்கிறார் என்பது ஷெல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓட்டப்பட வேண்டியது, ஆனால் இயந்திர பாஷையில் இல்லை. அப்படியானால் அது தன் பாஷையில் எழுதப்பட்டதாக இருக்கக்கூடும் என்று ஷெல் அநுமானித்தது. ஷெல்லைத் தவிர வேறு மொழிபெயர்ப்பாளர் அநேகமாக இல்லாத அந்நாளில் அந்த அநுமானம் தவறாகப் போக இடமில்லை. பின்னாளில் வந்த எம்.எஸ்.-டாஸ், பெயரின் பின்னொட்டைப் பார்த்தே எது நிரல், எது கட்டளைத் தொகுதி என்று தீர்மானித்தது. யூனிக்ஸோ பெயரைப் பார்க்கவே இல்லை.

ஆறாம் பதிப்பின் ஷெல் தாம்ப்ஸனின் கைவேலை. அதன் மூலநிரலில் இந்தக் காரியம் நிறைவேறும் இடம் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேல் இராது. ஆனால் அதில் உள்ள சிக்கனம் ரசிக்கத் தக்கது. பயனர் தட்டிய கட்டளைச் சொற்கள் வரிசையாக ஓர் அட்டவணையில் ஏற்றப்படுகின்றன. முதற் சொல்லுக்கு முன்னால் ஒரே ஓர் அறை வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. தட்டிய பெயரை ஷெல் நடப்பு அடைவிலும், 'பின்' அடைவிலும், பிறகு 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் இருக்கும் 'பின்'னிலும் தேட வேண்டும். இதற்காகக் கடைசி இடத்துக்குரிய நீண்ட பாதையை ஒரே ஒரு முறை எழுதிக்கொண்டு, முழுவதுமாகப் படித்தால் ஓர் இடம், முதல் நான்கு எழுத்தைத் தாண்டிப் படித்தால் மற்றோர் இடம் என்று ஒரே சரத்தை இரண்டுக்கும் உபயோகித்தார் தாம்ப்ஸன். தேடிய இடத்தில் கோப்பு அகப்பட்டு, கெர்னல் எட்டாம் எண் பிழையைத் தந்தால், முன்னால் வெறுமையாகக் காத்திருந்த அந்த அறையில் ஷெல்லின் சொந்தப் பாதையை இட்டு, இப்பொழுது ஓரிடம் முன்னதாகத் தொடங்கும் அதே அட்டவணையைக் கெர்னலிடம் மீண்டும் கொடுத்துவிடுகிறது. அவ்வளவுதான், புதிய ஷெல் ஒன்று எழுந்து, கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கும். அந்தப் புதிய ஷெல்லும் எழவில்லையென்றால் அச்சிட வேண்டிய செய்தி, 'நோ ஷெல்!' என்ற இரண்டே சொல். ஆச்சரியக்குறி தாம்ப்ஸனுடையதே.

அப்படிப் படிக்கத் தொடங்கிய ஷெல், கோப்பைத் தன் நிலையான உள்ளீட்டின் இடத்திலேயே திறந்துகொண்டது. ஆகையால் ஒரு வேடிக்கை சாத்தியமாயிற்று. 'கோட்டூ' என்ற கட்டளை அக்காலத்தில் ஷெல்லின் அங்கமன்று, வெளியே இருந்த தனி நிரல். அது தாய் ஷெல்லோடு பகிர்ந்துகொண்ட அதே உள்ளீட்டில் ஆரம்பத்துக்குப் போய், முக்காற்புள்ளியோடு தொடங்கும் அடையாள வரியைத் தேடிப் பிடித்து, படிக்கும் இடத்தை அங்கே நிறுத்திவிட்டுச் செத்துப்போகும். தாய் ஷெல் ஒன்றும் அறியாமல் அங்கிருந்து மேலே படிக்கும். இந்த ஏற்பாடு பலிக்க வேண்டுமானால் ஷெல் முன்கூட்டி எதையும் வாங்கிவைத்துக்கொள்ளாமல் ஓரோர் எழுத்தாகவே படித்தாக வேண்டும், அப்படியே படித்தது. ஸ்கிரிப்ட் எனப்படும் இத்தகைய கட்டளைக் கோப்பினுள் ஓடும் நிரல் விசைப்பலகையிலிருந்து எதையாவது கேட்க நினைத்தால், அதற்குக் கிடைப்பது ஸ்கிரிப்டின் அடுத்த வரிதான் என்பது இதன் பிரதிகூலம்.

1979-இல் வந்த ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் பார்னின் ஷெல் வந்தது. கேம்பிரிட்ஜில் ஆல்கால் 68 பாஷையில் உழைத்தவர் அவர். ஸி பாஷையில் எழுதிய மூலநிரலையும் மாக்ரோக்களின் உதவியால் ஆல்கால் வேஷம் போடவைத்து, அதைப் படிக்க நேர்ந்தவர்களைத் திகைக்கவைத்தார். அவரது ஷெல், ஸ்கிரிப்டை வேறோர் இடத்தில் திறந்து நிலையான உள்ளீட்டைப் பயனருக்கே விட்டுவைத்தது. ஓடாத கோப்பின் விஷயத்தில் அவர் செய்த மாறுதல் இன்னும் சாதுரியமானது. கட்டளையை ஓட்டுவதற்காக ஷெல் ஏற்கெனவே தன்னைப் போலவே ஒரு சேயைப் பிரதியெடுத்திருக்கிறது. அந்தச் சேயிடம் எட்டாம் எண் பிழை வருகிறது. சேயோ தானே ஒரு ஷெல். அப்படியிருக்க இன்னொரு ஷெல்லை எதற்காக அழைக்க வேண்டும்? பழைய வேலையின் குப்பைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, கோப்பைத் திறந்து, தன் நிரலின் ஆரம்பத்துக்கே ஒரே தாவாகத் தாவி, அங்கிருந்து அக்கோப்பைப் படிக்கத் தொடங்கிற்று. ஷெல்லைத் தவிர வேறு நிரல்களுக்கும் இந்தச் சௌகரியம் வேண்டும் என்று, 'எக்ஸெக்விபி' என்னும் நூலகச் செயற்கூறும் இதே தாட்சண்யத்தைக் கற்றுக்கொண்டது.

இதுவரை ஷெல் ஒன்றே. ஆகையால் அநுமானத்துக்குச் சங்கடம் இல்லை. கலிபோர்னியாவில் பெர்க்கிலிச் சர்வகலாசாலை மாணவராக இருந்த பில் ஜாய், ஸி பாஷையின் சாயலில் ஸி-ஷெல் என்ற வேறொன்றை எழுதியதும் தகராறு வந்தது. இரண்டு ஷெல்லுக்கும் இலக்கணம் வேறு. ஒன்றுக்கு எழுதியதை மற்றது படித்தால் பிழை மழைதான். கோப்பில் எழுதியிருப்பது யாருடைய பாஷை என்று யார் சொல்வது? ஸி-ஷெல் ஒரு விதி செய்துகொண்டது: முதலெழுத்து '#' என்றால் என்னுடையது, இல்லாவிட்டால் பழைய ஷெல்லுடையது. '#' குறி அதற்குக் குறிப்புரையின் தொடக்கம். பார்ன் ஷெல்லுக்கு அப்பொழுது அது தெரியாது. பெர்க்கிலியார் தங்கள் பார்ன் ஷெல் பிரதியிலும் கைவைத்து, எட்டாம் எண் பிழை வந்த கோப்பின் முதலெழுத்து '#' ஆனால் ஸி-ஷெல்லிடம் ஒப்படைத்துவிடும்படி ஓர் ஒட்டுப் போட்டார்கள். அது வெறும் ஒட்டுத்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு எழுதிய குறிப்பு, 1979 பிப்ரவரி 26 என்ற தேதியோடு அந்த மூலநிரலில் இருக்கிறது. பார்ன் ஷெல்லுக்காக எழுதியவர்கள் தற்காப்பாக முதல் வரியை முக்காற்புள்ளியோடு தொடங்கினார்கள். பின்னர் பார்ன் ஷெல்லும் '#' குறியைக் குறிப்புரையாக ஏற்றுக்கொண்டதும் அந்த விதியும் குழம்பிப்போயிற்று. ஒரே ஓர் எழுத்தைப் பார்த்து ஜாதகம் கணிப்பது நெடுநாள் நடக்கக்கூடிய காரியமன்று.

இதற்குப் பரிகாரம் சொன்னவர் ரிச்சி. 1980 ஜனவரி 10-ஆம் தேதி அவர் அனுப்பிய சுருக்கமான அறிவிப்பொன்றில், கெர்னலையே மாற்றிவிட்டதாகத் தெரிவித்தார்: கோப்பு '#!' என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கினால், அந்த வரியில் மேலே எழுதியிருப்பது அக்கோப்பைப் படிக்க வேண்டிய நிரலின் பாதை என்று கெர்னல் கொள்ளும். இதுகாறும் இந்த வேலையைப் பெரும்பாலும் ஷெல்லே செய்து வந்தது, இன்னமும் செய்கிறது என்றும் அவர் அதில் ஒப்புக்கொள்கிறார். அவர் சொன்ன அநுகூலங்கள் ஐந்து. எனக்கு அவற்றில் முக்கியமாகப் படுபவை இரண்டு. ஸ்கிரிப்டை ஓட்டினால் நடப்பு நிரல்களின் பட்டியலிலும், இயந்திர நேரத்தைக் கணக்கிடும் ஏட்டிலும் இதுவரை ஷெல்லின் பெயரே விழுந்து வந்தது, இனி ஸ்கிரிப்டின் சொந்தப் பெயரே விழும் என்பது ஒன்று. ஷெல் அல்லாத மொழிபெயர்ப்பாளர்களும் தடங்கலில்லாமல் இடம்பெறலாம் என்பது மற்றொன்று. பிந்தியதை அவர் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் சொன்னார். பெர்ல், பைதான், ரூபி ஆகியவற்றின் பெருவாழ்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் நடந்தது. முதல் வரி பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையும் அறிவிப்பில் இருந்தது. பி.டி.பி.-11 நிரலின் தலைப்பும் பதினாறு பைட்டுத்தான். தலைப்பு முப்பத்திரண்டு பைட்டாக இருந்த வாக்ஸ் இயந்திரத்தில் பெர்க்கிலி யூனிக்ஸ் வைத்த வரம்பும் முப்பத்திரண்டே.

ரிச்சி சொன்ன அநுகூலங்களில் ஒன்று அனர்த்தமாக முடிந்தது. ஸ்கிரிப்டுகளும் இனித் தம் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு, வேண்டுமானால் முறைமையின் சர்வாதிகாரக் கணக்கான ரூட்டின் அதிகாரத்தோடேயே, ஓடலாம் என்பது அது. கெர்னல் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்து, அதிகாரத்தைக் கொடுத்து ஷெல்லை எழுப்பி, கோப்பின் பெயரை அதனிடம் சொல்கிறது. ஷெல் அந்தப் பெயரைக் கொண்டு கோப்பை மறுபடியும் திறக்கிறது. இரண்டு திறப்புக்கும் இடைப்பட்ட கண நேரத்தில் அந்தப் பெயர் தன் சொந்தக் கோப்பைச் சுட்டும்படி ஒருவன் இணைப்பை மாற்றிவிட்டால், அவன் எழுதியது ரூட் அதிகாரத்தில் ஓடும். பெயருக்குப் பதில், திறந்த கோப்பையே கைமாற்றிக் கொடுத்துச் சில முறைமைகள் இதைச் சரிசெய்தன. லினக்ஸோ ஸ்கிரிப்டுகளுக்கு அந்தச் சலுகையையே மறுத்துவிட்டது. லினக்ஸ் செய்ததே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

புது ஏற்பாடு எல்லா இடத்துக்கும் உடனே போய்ச் சேரவில்லை. பெர்க்கிலிக் கிளையில் 1983-இன் 4.2 பதிப்பில் அது சாதாரணமாகிவிட்டது, ஏ.டி. அண்ட் டி. கிளையிலோ ஸிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீடு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைக்காலத்தில், 1987-இல் பெர்லை வெளியிட்ட லாரி வாலும் அவரைப் பின்பற்றியவர்களும், ஷெல்லும் பெர்லும் இரண்டுமே தத்தம் இலக்கணப்படி வாசிக்கத் தக்க ஒரு வரியைத் தங்கள் கோப்பின் தலையில் வைத்தார்கள். '#!' தெரியாத கெர்னல் கோப்பை நிராகரிக்கும். ஷெல் வழக்கப்படி தனதென்று எடுத்துக்கொள்ளும். எடுத்துப் படித்த அந்த வரியே பெர்லை அழைத்து அதனிடம் கோப்பை ஒப்படைக்கச் சொல்லும். ஷெல்லின் பழைய தாட்சண்யம் இப்படி அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு பாஷைக்கு ஓடமாயிற்று.

பழைய வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சாட்சி தினசரி அநுபவத்திலேயே உண்டு. இன்டெல் ப்ராஸஸருக்காகத் தொகுத்த நிரலை ஏ.ஆர்.எம். ப்ராஸஸர் கொண்ட சிறு பலகைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். கெர்னல் எட்டாம் எண் பிழையைத் தரும். பாஷ் ஷெல்லானால், கோப்பின் தொடக்கத்தைச் சிறிது படித்து, முதல் வரியிலேயே எழுத்தாகாத சூன்ய பைட் தென்பட்டால், இது பைனரிக் கோப்பு, ஓட்ட இயலாது என்று கௌரவமாகச் சொல்லி 126 என்ற முடிவெண்ணோடு விலகிக்கொள்ளும். இந்தச் சோதனையைச் செய்யாத சிறிய ஷெல்களோ, அந்த இயந்திர பாஷையைக் கட்டளைகளாகவே படிக்கப் புகுந்து, முதல் வரியில் 'ஈஎல்எஃப்' என்ற கட்டளை அகப்படவில்லை என்றோ, எதிர்பாராத அடைப்புக்குறி வந்துவிட்டது என்றோ புகார் சொல்லும். நிரலைத் தொகுத்தவர் தம் நிரலில் எங்கே அடைப்புக்குறி தவறிற்று என்று தேடிப் பொழுதைப் போக்குவார்.

தமிழில் செய்தி அச்சிடும் ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதியவர்கள் பலர் இன்னொன்றைக் கண்டிருப்பார்கள். 2019-க்கு முந்திய நோட்பேட், யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைக் கோப்பின் தலையில் அடையாளமாக வைத்துவிடும். அதனால் '#!' என்பது முதலிரண்டு பைட்டாக இல்லாமற் போக, கெர்னல் கோப்பை நிராகரிக்கிறது. ஷெல் அதை ஏற்றுக்கொண்டு, முதல் வரியே கட்டளை என்று நினைத்து அது இல்லையென்று முறையிட்டுவிட்டு, மற்ற வரிகளை மேலே ஓட்டத் தொடங்குகிறது. பைதான் ஸ்கிரிப்டானால் ஒழுங்காக ஓடாது. ஷெல் ஒவ்வொரு வரிக்கும் அழும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சம்பவம் 2019 பிப்ரவரியில் நடந்தது. லினக்ஸ் கெர்னல் '#!' வரியில் 127 எழுத்துக்கு மேற்பட்டதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் வழக்கமுடையதாக இருந்தது. வெட்டுண்ட பாதையை நம்பி வேறு எதையோ ஓட்டுவது ஆபத்து என்ற நியாயமான எண்ணத்தோடு, அப்படிப்பட்ட கோப்புக்கு எட்டாம் எண் பிழையைத் திருப்பியனுப்பும்படி ஒரு மாறுதல் செய்யப்பட்டது. நிக்ஸ்ஓஎஸ் என்னும் விநியோகத்திலோ, மிக நீண்ட '#!' வரிகளைக் கொண்ட பெர்ல் ஸ்கிரிப்டுகள் இருந்தன. கெர்னல் வெட்டினாலும் பெர்ல் அந்த வரியைத் தானே முழுவதுமாக மறுபடி படித்துக்கொள்ளுமாகையால் எல்லாம் சுகமாக நடந்து வந்தது. மாறுதலுக்குப் பின் கெர்னல் பிழை சொல்லிற்று. பிழையைக் கேட்ட ஷெல், ஆறாம் பதிப்பின் பிதிரார்ஜித வழக்கப்படி, பெர்ல் பாஷையில் எழுதிய கோப்பைத் தன் பாஷையென்று பாவித்து ஓட்டத் தொடங்கிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாறுதலை ரத்து செய்தார். பிறகு, வெட்டு மொழிபெயர்ப்பாளரின் பாதையிலேயே விழுந்தால் மட்டும் பிழை, அதற்கு அப்பாலுள்ள வாதங்களில் விழுந்தால் பழையபடி என்று திருத்தி, 5.1 பதிப்பில் இடத்தையும் 256 பைட்டாகப் பெருக்கினார்கள். கெர்னலின் பிழையெண் ஒன்றை மாற்றியவர்கள், அந்த எண்ணைப் பிழையென்று கொள்ளாமல் அழைப்பென்று கொள்ளும் ஒருவர் எதிர்ப்புறத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வழக்கத்தை ஒழித்துவிடலாமே என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படமாட்டேன். தவறான அநுமானத்தால் நேர்ந்த சங்கடங்கள் உண்மைதான், ஆயினும் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதிய நாலு வரியும், ஆராய்ச்சிக்கூடத்து நிபுணர் தொகுத்த நிரலும், பெயரைச் சொன்னால் ஓடும் ஒரே அந்தஸ்தைப் பெற்றது இந்தத் தாட்சண்யத்தினால்தான், '#!' பிற்பாடு அதைச் செம்மைப்படுத்தியதே தவிர ஏற்படுத்தவில்லை. 1992-இல் ஷெல்லுக்காக வகுத்த போஸிக்ஸ் தரவிதி, கோப்பே இல்லையென்றால் 127, இருந்தும் ஓட்ட இயலவில்லையென்றால் 126 என்று முடிவெண்களை நிர்ணயித்ததோடு, எட்டாம் எண் பிழை வந்தால் ஷெல் அந்தக் கோப்பைத் தன் கட்டளைக் கோப்பாக ஓட்ட வேண்டும் என்பதையும் கடமையாகவே விதித்தது. உலகமெங்கும் ஸ்கிரிப்டுகளின் முதல் வரியாக நிற்கும் '#!' விஷயத்திலோ, 2018-இல் வெளியான பதிப்பிலும், அப்படித் தொடங்கும் கோப்பை ஓட்டினால் என்ன விளையும் என்பதை அத்தரவிதி வரையறுக்கவே இல்லை.